நூலால் அறுத்த முட்டை

மௌபிசிக்கு மேலே
மேகம் வாசற்படி ஏறி வருகிற மலையில் பதினாறு வீடுகள்.
எட்டுக்கு முட்டை. எட்டுக்குச் சோப்பு.
சீட்டுக் குலுக்கியது நான் இல்லை,
டிலியில் ஒரு கணினி.
கொண்டுவந்து கொடுத்தது மட்டும் நான்.

குதிரை முதுகில் உயரம் அளக்கும் பலகை.
என் பையில் தராசு, மைப்பெட்டி,
ஒப்புதல் படிவம், நான்கு பக்கம், தேதுன் மொழியில்.
இங்கே வீட்டுக்குள் பேசுவது மம்பாய்.
"பங்கேற்பு முழுவதும் தன்விருப்பமானது" என்ற வரியை
நான் இப்படித்தான் சொன்னேன்:
வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு அக்கா,
நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

"நீ கோபிக்க மாட்டாய்.
உன்னை அனுப்பினவர்?" என்றாள் எதெல்வினா.

அவரும் மாட்டார் என்றேன்.
அவரை நான் பார்த்தது இரண்டே முறை.

கட்டைவிரலை நீல மையில் அழுத்தினாள்.
துடைக்காமல் வெகுநேரம்
யாருடைய விரலையோ பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சோப்பு விழுந்தது.
வேலிக்கு அந்தப்பக்கம் ஒலிந்தாவுக்கு முட்டை,
நாளுக்கு ஒன்று, ஆறு மாதம்.
வேலி என்ன வேலி,
மரவள்ளிக் குச்சி நான்கு.
அவள் மகள் மார்சியாவும் இவள் மகன் நிவியோவும்
ஒரே மழையில் பிறந்தவர்கள்.

கை சுற்றளவு நாடாவில் மூன்று நிறம்.
முதல் மாதம் நிவியோ மஞ்சளில், சிவப்புக்கு ஒரு நூல் மேலே.
சிவப்பு என்றால் மருந்தகத்துக்கு அனுப்பலாம், விதி இருக்கிறது.
மஞ்சள் என்றால் குறித்துக்கொண்டு போகலாம்.
குறித்துக்கொண்டு போனேன்.
அன்றிரவு சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள்.
சாப்பிட்டேன். அதுதான்.

ஐந்தாம் மாதம் நாடா பச்சையில் நின்றது.
மறுபடி சுற்றினேன். பச்சை.
சோப்புத் தின்று வளர்ந்தானா பிள்ளை?

ஒலிந்தாவின் அடுப்படியில் விடை கிடைத்தது.
அவித்த முட்டையை உள்ளங்கையில் நிறுத்தி
தறி நூலைச் சுற்றி இழுக்கிறாள்,
மஞ்சள் ஒரு துணுக்கும் சிந்தாமல் இரண்டு பாதி.
என்னைக் கண்டதும் கையை மறைத்தாள். பிறகு மறைக்கவில்லை.
"வேலியில் நின்று பார்க்கிறான்.
பார்க்கிற வாயை வைத்துக்கொண்டு
என் பிள்ளைக்கு எப்படி இறங்கும்?"

கொல்லையில் தண்ணீர்க் குடத்தருகே
சோப்பும் பாதிதான் இருந்தது.
அதே நூல். அறுத்த தடம் தெரிந்தது.

இதற்கென்று ஒரு படிவம் உண்டு:
நெறிமுறை மீறல்.
யார் மீறினார், என்று, எத்தனை முறை.
சிக்னல் கிடைக்கும் பாறைவரை ஏறி
டாக்டர் ஹென்ரிக்கை அழைத்தேன்.
கொஞ்சநேரம் பேச்சில்லை.
அவர் பக்கத்திலும் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.
"நடந்ததை அப்படியே எழுது" என்றார்.
நல்லவர்தான். பிறகு கேட்டார்:
"மற்ற ஆறு முட்டை... ஏழு வீடுகள்?"

கேட்கவில்லை என்றேன்.
கேட்டால் நாளையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு அறுப்பார்கள்.
அதைச் சொல்லவில்லை.
சொல்லியிருக்க வேண்டும், இறங்கும்போது தோன்றியது,
திரும்ப ஏறிச் சொன்னேன்.

டேப்லெட்டில்
"இன்று தின்ற முட்டை" என்ற கட்டத்தில்
அரை என்று தட்டினேன்.
சிவப்பெழுத்தில் மறுத்தது:
முழு எண்கள் மட்டும்.
குறிப்பு என்ற இடத்தில் இருநூறு எழுத்துதான் கொள்ளும்.
எழுதினேன்: நூல். இரண்டு வாய். யாரும் ஏமாற்றவில்லை.
இன்னும் இடம் மிச்சமிருந்தது.

அடுத்த மாதம் இரத்தம் எடுக்க வேண்டும்,
பிள்ளைக்கு ஒரு சிறு குப்பி.
"எங்கே கொண்டுபோவீர்கள்?" என்றாள் எதெல்வினா,
"எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?
மிச்சத்தை என்ன செய்வீர்கள்?"
படிவத்தில் "ஆய்வகம்" என்று மட்டும் இருக்கிறது.
எனக்கும் தெரியாது என்றேன்.
எழுதிக் கேட்டு ஒன்பது நாள் ஆகிறது.

பதில் வரும்வரை
ஊசிப்பெட்டியைக் குதிரைமேல் ஏற்றப்போவதில்லை.
மைப்பெட்டியையும்.