புதனும் வியாழனும்

யேர்மன்காரர் சொல்லும்போது தொண்டையில் உரசும்.
நாங்கள் இந்த ஊரைப் போகும் என்கிறோம்.
போகும் என்று பெயர் வைத்த ஊரில்
நிறுத்தியது நிற்கும் என்று நம்பினது
உங்கட பிழைதான் அம்மா, என்கிறான் மகன்.

வெள்ளி காலை ஏழேமுக்கால்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து நீராவி
இன்னும் என் தலைமயிரில்.
ஞாயிறு நான் வண்டியை விட்ட இடத்தில்
லொறி ஒன்று பின்கதவைத் திறந்து நின்றது.
மேல்வீட்டு நோவாக்கின் குளிர்ப்பெட்டி
இரண்டு பேர் தோளில்
மாப்பிள்ளை மாதிரி இறங்கி வந்தது.

இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன் போனில்.
அக்கா கேட்டாள் கனடாவிலிருந்து:
ஆர்? என்ன வாகனத்தில்? எங்கே வைத்திருக்கிறார்கள்?
பிறகு மெதுவாக,
வண்டியைத்தானே? ஆளை இல்லையே?
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

ஓப்பல் ஸாபீரா. இதே ஊரில் பிறந்தது.
பெற்ற தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்,
பிள்ளை ஓடுகிறது.
மீட்க இருநூற்று எழுபத்தெட்டு யூரோ நாற்பது சதம்.
கம்பி வேலிக்குள் ரசீது தந்த பெடியன்
சீட்டில் கிடந்ததையும் குறித்துவைத்திருந்தான்:
தோடம்பழம், ஒன்று.

அலுவலகத்தில் ப்ரிங்மன் விரல் விட்டு எண்ணினார்.
செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி.
தடைப்பலகை வைத்து நாலு நாள், அம்மணி.
மூன்று முழு நாள் போதும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
செத்த நாளையும் சேர்த்து
எட்டுச்செலவுக்கு எண்ணுகிறவர்கள் நாங்கள்.
இவர் எங்கள் ஐயர் மாதிரி எண்ணுகிறார்.

பலகை வந்தது செவ்வாய் பின்னேரம் மூன்று பத்துக்கு.
அது மிச்ச நாள்.
இழுத்தது வெள்ளி ஆறரைக்கு.
அது நாளே இல்லை, விடியல்.
புதன் ஒன்று.
வியாழன் இரண்டு.
மூன்றாவதை எந்த லாச்சியில் வைத்திருக்கிறீர்கள், ஐயா?

அவர் பேனையை மூடித் திறந்தார்.
பலகைக்குப் பிறகு நீங்கள் வந்து
நிறுத்தியிருக்கலாமே, என்றார்.
கோப்பைப் பார்க்கவேணும் என்றேன்.
என்ன?
கோப்பை.

மூன்று கிழமை கழித்து ஒரு தாள்.
பலகை வைத்த ஆள் கைப்பட எழுதியது,
அந்த நேரம் தெருவில் நின்ற வண்டிகள் பதினான்கு.
மழை பெய்திருக்கவேணும்,
மூன்றாம் வரியில் மை ஊறிப் படர்ந்திருக்கிறது.
ஆறாவது வரியில் என் இலக்கம்,
ஓர் எழுத்துப் பிசகவில்லை.

பட்டியல்களை நான் அறிவேன்.
அதில் பெயர் வந்துவிடக்கூடாது என்று
கோயிலுக்கு நேர்ந்த வீட்டுக்காரி நான்.
பெயர் இருந்ததால் தப்பினது
இதுதான் முதல் தடவை.
ஆரோ ஒருவர், மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்,
நனைந்தபடி குனிந்து
என் இலக்கத்தகட்டைச் சரியாகப் படித்திருக்கிறார்.

ஆட்சேபம் எழுதினேன். மகன் வேற்றுமை உருபுகளைத் திருத்தினான்.
பதினொரு கிழமை.
பிறகு பதில்:
எவ்விதச் சட்டக் கடப்பாட்டையும் ஏற்காமல்,
முற்றிலும் நல்லெண்ண அடிப்படையில்,
முழுத்தொகையும்.

காசு வந்தால் சரிதானே அம்மா.
சரிதான். மின்சாரக்காரன் காத்திருக்கிறான்.
ஆனால் என் பையில் கை விட்டவன்
அதே காசைத் தருமம் என்று நீட்டினால்
கையேந்தி வாங்கவா சொல்கிறாய்?

இரவு வேலைக்குப் போகுமுன் எழுதி முடித்தேன்.
மதிப்புக்குரிய திரு ப்ரிங்மன்,
தொகை கிடைத்தது.
நல்லெண்ணத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.
பிழை என்றொரு சொல் உங்கள் அலுவலகத்தில் இருந்தால்
அதை மட்டும் அனுப்பவும்.
சாதாரணத் தபால் போதும்.

முத்திரை தொண்ணூற்றைந்து சதம்.
அதை நான் அவரிடம் கேட்கப்போவதில்லை.