அறுபது நாள் முன்பதிவு

எண்ணூர்த் துறைமுகத்தில் என் வேலை
புதுக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டி நிறுத்துவது.
ஒரு காருக்கு எண்ணூறு மீட்டர்.
சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறை கிழியாமல்
உட்கார்ந்து, ஓட்டி, இறங்கி,
வேனில் திரும்பி வந்து அடுத்ததில் ஏறுவேன்.
ஒரு ஷிப்டுக்கு நாற்பது தடவை
வெளிநாட்டுக்குக் கிளம்பி
எண்ணூருக்கே வந்துவிடுகிறேன்.

ஏழாம் தளத்தில் சக்கரத்துக்குப் பட்டை மாட்டுகிற
பிலிப்பைன்ஸ்காரன்
டீ நேரத்தில் போனை நீட்டினான்.
யோகோஹாமாவில் அவன் இறங்கி நின்ற தெரு.
இலை என்று ஒன்றுகூட இல்லை,
மரம் முழுக்க ரோஸ்.
ஒரு விரலைக் காட்டி, "ஒரே வாரம்" என்றான்.
அங்கே பூ எந்த ஊரில் எப்போது வரும் என்று
மழையோடு சேர்த்து நியூஸில் சொல்வார்களாம்.
எங்கள் பக்கம் புயலுக்குக் கூண்டு ஏற்றுவார்கள்,
ஒன்று, மூன்று என்று நம்பர் போட்டு.
பூவுக்கு ஒரு கந்தல் கொடிகூட ஏறியதில்லை.

கோட்டீஸ்வரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"ஜப்பானுக்கு எவ்ளோ ஆவும்?"
சொன்னேன்.
சோற்றைப் பிசைந்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு,
"பெங்களூர்ல இதே கலர்ல மரம் கீதுன்னு
டெய்சி சொல்லுவாளே" என்றாள்.

கேஸ் பில்லின் முதுகில் திட்டம் தொடங்கியது.
ரயிலுக்கு அறுபது நாள் முன்னால் டிக்கெட் திறப்பார்கள்.
மரம் அப்படி எதையும் திறந்து வைப்பதில்லை.
ஜனவரிக் கடைசி என்றாள் டெய்சி.
அவள் வீட்டு ஓனர் மார்ச் என்றார்.
போன வருஷம் வரவே இல்லை என்றார்
மாடி வீட்டுக்காரர்.

நான் பேனாவை மூடினேன்.
ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில்
பதினோரு வருஷமாக ஆயா என் மனைவி. சிரித்தாள்.
"அட்டையில டாக்டர் தேதி எழுதிக் குடுப்பாங்க.
சொன்ன தேதிக்கு வந்த கொழந்தைய
வெரல் வுட்டு எண்ணிடலாம்.
நீ மூணு ஞாயித்துக்கெழமைக்குப் போடு."

போட்டேன்.
இரண்டு உறுதி.
மூன்றாவது, காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தொன்று.

டெய்சி தன் பஸ் ஸ்டாப் மரத்தை
வாரம் ஒரு படம் எடுத்து அனுப்பினாள்.
"மொட்டை" என்று முதல் வாரம் எழுதினாள்.
இரண்டாம் வாரமும் அதுவே.
மூன்றாம் வாரம், "மொட்டு".

முதல் ஞாயிறைக் கேன்சல் செய்தேன்,
தலைக்கு அறுபது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.
இரண்டாம் ஞாயிறு ஒரு கப்பல் முன்கூட்டியே வந்து நின்றது.
ஆயிரத்து இருநூறு கார்.
லீவு என்று வாயெடுத்தேன்,
சூப்பர்வைசர் கடலைப் பார்த்தார்.
மறுபடி அறுபது, தலைக்கு.

அப்புறம் நாற்பத்தொன்று
இருபத்தொன்பதானது, பன்னிரண்டானது.
இங்கே எண் இறங்க இறங்க
அங்கே மரத்தில் ரோஸ் ஏறிக்கொண்டிருந்தது.
வெள்ளி ராத்திரி டிக்கெட் உறுதி.
சனி மத்தியானம் டெய்சி:
"ராத்திரி நல்ல மழை. பாதி கொட்டிருச்சு. வரீங்களா?"

கோட்டீஸ்வரி புளிசாதத்துக்குக் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள்.
"வாசனையாச்சும் இருக்குமாமா?"
இல்லையாம்.
"தலைல வெக்கலாமா?"
தொட்டால் உதிருமாம்.
"அப்ப இன்னாத்துக்குப் போறோம்?"
பார்க்க, என்றேன்.
"பாக்க மட்டுமா" என்றாள்,
விலை கூடின ஓட்டலில்
மெனுவைத் திருப்பிப் பார்ப்பவள்போல.
அடுப்பை அணைத்தாள்.
"மீதிப் பாதிய எதுக்கு வுடணும். போலாம்."

ஞாயிறு விடியலுக்கு முன்
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
பெரம்பூரில் எங்கள் வண்டிக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிஷம்.
ஷேர் ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டார்.
கண்டெய்னர் சுமந்த கூட்ஸ்
தூக்கத்தில் நடப்பதுபோல் போய்க்கொண்டிருந்தது.
நான் பெட்டிகளை எண்ணினேன்.
திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இவள் இல்லை.

கேட் ஓரம், கூடைக்காரியிடம்
ரெண்டு முழம் கதம்பத்துக்குப் பேரம்.
ஏறி உட்கார்ந்து, ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு
என் முறைப்புக்குப் பதில் சொன்னாள்:
"அத்தினி பூவு முன்னால
வெறுந்தலையோட போய் நிப்பாங்களா?"

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
கேட் இன்னும் திறக்கவில்லை.