மூன்றாவது கோல்

கல்திட்டை பார்க்கத்தான் கிளம்பினோம்.
ஆறாயிரம் வருஷத்துக் கல் என்றான் டெல்ஃபிம்.
வழி தெரியும் என்றான்.
இரண்டில் ஒன்று பொய்.

எவோராவைத் தாண்டியதும் தார் முடிந்து செம்மண்.
கண்ணாடி பாதியில் நின்றுவிட்ட காரில்
மூன்று பேர் தலைக்கும் ஒரே நிறம்.
மத்தி டப்பா தொழிற்சாலையில் வாரத்துக்கு ஆறு நாள்
ஒரே வெள்ளைத் தொப்பிக்குள் இருப்பவர்கள்தானே,
பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.

பிறகு தக்கை மரங்கள்.
கிளை பிரியும் இடம்வரை உரித்த உடம்பு.
ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண்:
பட்டை எடுத்த வருஷத்தின் கடைசி இலக்கம்.
ஒன்பது வருஷம் கழித்துத்தான் மறுபடி கோடாலி.
"ஏழு," என்று ஒரு மரத்தில் கைவைத்தாள் இவோன்.
"அந்த வருஷம்தான் நான் வீட்டைவிட்டு வந்தேன்."
டெல்ஃபிம் வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தான்.
உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை
நான் பாதியில் பைக்குள் போட்டேன்.

கல் கிடைக்கவேயில்லை.

பெயர்ப்பலகை துருவில் போய்விட்ட ஓர் ஊர்,
ஒரே ஒரு சாப்பாட்டுக்கடை.
வாசலில் கை நீட்டி மறித்தாள் ஃபெலிஸ்மினா:
"இன்று அணியின் விருந்து. வெளியாருக்கு இல்லை."
பிறகு எங்கள் தலைப்புழுதியைப் பார்த்தாள்.
"மூன்று பேர் வரவில்லை. உட்காருங்கள்.
ஆனால் யார் இடமோ, அவராகச் சாப்பிட வேண்டும்."

எண்பத்தெட்டில் மாவட்ட இறுதிப் போட்டியில்
ஆறுக்குப் பூஜ்யம் தோற்ற அணி.
வருஷா வருஷம் அதே தேதியில் கூடித் தின்கிறார்கள்.
ஜெயித்தவர்கள் கூடுகிறார்களா, தெரியாது.

பூண்டும் கொத்தமல்லியும் இடித்த வெந்நீரில்
முந்தாநாள் ரொட்டி ஊறிக்கிடக்க
மேலே முட்டை நடுங்கியது.
அடுத்து, கறுப்புப் பன்றியின் கன்னம்,
கரண்டி பட்டாலே பிரிந்துவிடும்.
ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை.

அப்புறம் எதிரே இருந்த வழுக்கைத் தலை
இவோனை நோக்கி முள்கரண்டியை நீட்டியது:
"கோல்கீப்பர்! அந்த மூன்றாவது கோல்.
பிடித்திருக்கலாம் நீ."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.
"கண்ணில் வெயில்," என்றாள்.

மேஜை அடங்கிப்போயிற்று.
ஒருவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.
முப்பது வருஷமாக பல்தசார் சொல்லிவந்த
ஒரே பதில் அதுதானாம்;
யாரும் நம்பாமல்
வருவதையே நிறுத்திவிட்டானாம்.

பயிற்சியாளர் எழுந்தார், எண்பது வயதிருக்கும்.
ஊன்றுகோலை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு
தன் தட்டுக் கறியில் பாதியை வெட்டி
அவள் தட்டில் வைத்தார்.
"வெயில்தான்," என்றார். "நானும் பார்த்தேன்."

திரும்பும்போது அவள் பின்சீட்டில்,
மூடாத கண்ணாடிப் பக்கம்.
அழுதாளா சிரித்தாளா, காற்றில் கேட்கவில்லை.
டெல்ஃபிம் இந்தத் தடவை வழி தவறவில்லை.
தவறியிருக்கலாம்.
விரலெல்லாம் கொத்தமல்லி.
விடிந்தால் மத்தி.