ஓநாயின் முறை

துஷேத்தி மலையில் செப்டம்பரிலேயே குளிர்.
லுவர்சாப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
கட்டிலோரம் உட்கார்ந்து புத்தகத்தை விரிக்கிறார்.

முயலுக்கு மூக்கடைத்த குரல்.
கரடிக்கு என் மாமனாரின் இருமல்.
வாத்து வாய் திறந்தால்
எதிர்வீட்டு எலிசோ வந்துவிடுகிறாள்;
கீகோ போர்வைக்குள் உருண்டு சிரிக்கிறான்.

ஓநாய் வரும் பக்கம்.
நிறுத்திவிட்டார்.

நேற்றிரவு பட்டியில் ஒரு சினையாடு போயிற்று.
விடியும்வரை டார்ச்சோடு அலைந்தவர்
கையில் கொஞ்சம் ரோமத்தோடு திரும்பினார்.
பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லவில்லை.

"உறுமுங்கப்பா."
தொண்டையைச் செருமுகிறார்.
செருமலோடு நின்றுபோகிறது.

தெக்லேக்கு நாலு வயசு, எழுத்து தெரியாது.
புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து
ஓநாயின் வயிற்றில் விரல் வைத்து
ரொம்ப மெதுவாக, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைபோல
"எனக்குப் பசிக்குது" என்கிறாள்.

அப்படி ஒரு வரி அதில் இல்லை.

ஓநாய் காட்டுக்குள் ஓடிப்போனதென்று
மிச்சத்தை இவர் அவசரமாக வாசித்து முடிக்க,
"சாப்பிடாமலா?"

மாவுக் கையோடு நிற்கிறேன் நான்.
குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடி
சொல்கிறார்:
"சாப்பிட்டாச்சு. நேத்தே."