கணக்கில் சேராத மூன்று மைல்

பத்தொன்பது வருடம்
உட்கார்ந்தே ஊர் சுற்றியவள் நான்.
கேட்ஸ்ஹெட், ஐம்பத்தேழாம் எண் பேருந்து.
வலது காலுக்குத் தெரிந்த தூரம்
பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டர் வரை.

இரவு பத்து நாற்பது வண்டியில்
ஒரு செவிலி ஏறுவாள்.
கையில் ஃபிளாஸ்க், பின்னல் ஊசி, பச்சை நூல்கண்டு.
சாகக் கிடப்பவர்கள் வீட்டில்
விடியும்வரை பக்கத்தில் இருப்பது அவள் வேலை.
பதினோரு இரவு பூங்கா முனையில் இறங்கினாள்.
பன்னிரண்டாம் இரவு
வேறொரு நிறுத்தத்துக்கு மணியை அழுத்தினாள்.
நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

அந்த வாரம் பணிமனைப் பலகையில் ஒரு தாள்:
இரவுச் செவிலியர் நிதிக்காக
ஆறு நாள், எண்பத்து நாலு மைல்,
ரோமானியர் கட்டிய சுவரோரம்
கிழக்கிலிருந்து மேற்கே.
பெயரை எழுதிய பிறகுதான்
மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குவது
ஞாபகம் வந்தது.

ஜனவரியில் பழகத் தொடங்கினேன்,
வேறு வழி தெரியாததால்
என் வழித்தடத்திலேயே.
நிறுத்தத்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவில்
ஊர் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.
முடிதிருத்தும் கடைக்குள் ஒரு கிளி.
யாரோ கழற்றிவைத்துப் போன ஒற்றைக் கையுறை,
மூன்று வாரமாய் அதே மதில்மேல்.
கியரை மாற்றி மறந்துவந்த மேடு
தொடையைப் பிடித்து நிறுத்தி
யார் நீ என்றது.
முதுகுப் பையில் நாலு கிலோ சர்க்கரை.
மழையில் ஒரு பொட்டலம் கிழிந்து
இடுப்புவரை இனித்தது.

எண்ணிய சில்லறை தவிர
வேறு தந்தறியாத மிஸ்டர் ஹெஸ்லப்
மைலுக்கு ஐம்பது பென்ஸ் எழுதினார்.
"நடந்த மைலுக்கு மட்டும்."
அடிக்கோடு வேறு.

ஜூன். முதல் நாள்
ஆற்றோரம் நாற்பது பேரின் பேச்சு.
இரண்டாம் நாள் பேச்சு பாதியானது.
அன்றிரவு தேவாலயக் கூடத்துத் தரையில்
ஒரே ஊசியைத் தீயில் காட்டிக் காட்டி
அவரவர் கொப்புளத்தை அவரவர் குத்தினோம்.
மூன்றாம் நாள்
சுவர் குன்றேறியது, மழை கிடையாகப் பெய்தது,
வலது பெருவிரல் நகம்
காலணிக்குள் தனியே நடந்தது.
எல்லோருக்கும் பின்னால் நான்.
எனக்குப் பின்னால் ஆடுகள்.

பாதை சாலையைத் தொட்ட இடத்தில்
ஒரு பேருந்து நின்றது.
ஹெக்ஸம் பணிமனை லைனஸ்.
"ஏறு லொரெய்ன்.
ஆட்டுக்கு மட்டும்தான் தெரியும்."
ஏறினேன்.
வெதுவெதுப்பு. ஈரக் கம்பளி நாற்றம்.
காலுக்கடியில் சாலை
சும்மா கழிந்தது, மூன்று மைல்.
வைப்பர் என்னைப் பார்த்து
கூடாது கூடாது என்று ஆடியதாக எழுதலாம்.
அது கண்ணாடியைத்தான் துடைத்தது.
முன்னிருக்கை காலி.
பத்து நாற்பதுக்கு அவள் உட்காரும் இருக்கை.

மணியை அழுத்தினேன்.
பத்தொன்பது வருடத்தில்
நான் அழுத்திய முதல் மணி.

இறங்கி, வந்த திசையிலேயே நடந்தேன்
ஏறிய இடத்து வேலிப்படி வரை.
அதைக் கையால் தொட்டுவிட்டு
மறுபடி மேற்கே.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் நினைவில் இல்லை,
கார்லைலில் ஒரு பையன்
தான் கடித்த ஆரஞ்சில் பாதி தந்தது தவிர.

கடைசி ஊரின் பெயர் போனஸ்.
பெயர்தான் போனஸ்.
கடல் வற்றிப்போய்ச் சேறு,
அக்கரையில் ஸ்காட்லாந்து,
கைதட்ட ஏழு பேர்.
அதில் ஒருவர் வேறு யாரையோ
எதிர்பார்த்து வந்தவர்.
காலுறையைக் கழற்றினேன்.
நகமும் கூடவே வந்தது.

திங்கள் காலை
நாற்பத்திரண்டு பவுண்டையும் நாணயமாகவே
எண்ணி வைத்தார் ஹெஸ்லப்.
வரிசை காத்திருந்தது.
எண்பத்தேழு நடந்தேன் என்று
நடந்ததைச் சொன்னேன்.
"பின்னோக்கி நடந்ததற்கெல்லாம்
நான் பொறுப்பில்லை" என்று போய் உட்கார்ந்தார்.

சரிதான்.
அந்த மூன்றும் என்னிடமே இருக்கட்டும்.

கதவை மூடினேன்.
மேட்டில் வண்டி இரைத்தது.
மெதுவாக, என்றேன் அதனிடம்.