காலுறை

அரிசி மூட்டை என்றேன் மேற்பார்வையாளரிடம்.
புக்கிட் பாஞ்சாங் பணிமனையில் எல்லோரும் நம்பினார்கள்.
இருபது கிலோ, மூன்றாம் மாடி, லிஃப்ட் பழுது,
கேட்கக் கேட்கப் படிகளை நானே கட்டிக் கொடுத்தேன்.

உண்மை:
விடியற்காலை நாலே கால்,
கட்டில் விளிம்பு,
இடது காலுறை.
குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன்,
ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி.

பத்தொன்பது வருஷம்
கண்ணாடி பார்த்தே பிழைத்தவன் நான்.
பின்னால் வரும் சைக்கிள், பின்னால் வரும் லாரி,
பின்கதவில் சிக்கும் பள்ளிப் பை
எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது.
தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
எனக்கு அதை ஆஸ்பத்திரித் திரையில் காட்டினார்கள்.
சாம்பல் நிறம்.
அடுக்குமாடிக் கார் நிறுத்தம் போல் தளம் தளமாக.
எல் நான்கு, எல் ஐந்து,
நடுவே கோட்டைத் தாண்டி
மூக்கை நீட்டி நிற்கிறது ஒரு வட்டு.

விலகியிருக்கிறது என்றார்கள்.
அந்த ஒரு சொல்லோடு மூன்று நாள் படுத்திருந்தேன்.
அசைந்தால் உதிர்ந்துவிடுவேன் என்று பயம்.
எதிர்வீட்டு மக்சிக் ஜாதிக்காய் எண்ணெய் கொடுத்துவிட்டார்.
கட்டாந்தரையில் படு என்றது ஒரு தொலைபேசி.
மெத்தையை மாற்று என்றது இன்னொன்று.
கூரையில் எத்தனை விரிசல் என்று
இப்போதும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன்.

பிசியோ பெண்ணின் பெயர் ஷு யீ.
படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள்.
“உங்கள் வயதில் பலருக்கு இந்த வட்டு உண்டு, அங்கிள்.
வலியே இல்லாமல் எம்ஆர்டியில் நின்றுகொண்டே போகிறார்கள்.”
அப்படியானால் என் வலி பொய்யா?
கோபம் வந்தது எனக்கு.
“பொய்யில்லை. மணி நிஜமாகவே அடிக்கிறது.
ரொட்டி கருகினாலே அடிக்கப் பழகிவிட்டது.”

பஸ் ஓட்டுவதுபோல் உட்காரச் சொன்னாள்.
பிரேக் போடச் சொன்னாள்.
இல்லாத பெடலை மிதித்தேன்.
“மூச்சு எங்கே?”
காணோம்.
“எப்போதிலிருந்து?”
தெரியாது என்றேன்.

தெரியும்.
போன தீபாவளிக்கு முந்தின வாரம்
சுவா சூ காங் சாலையில் மின்சைக்கிள் ஒன்று குறுக்கே பாய்ந்தது.
நடுக்கம்பியைப் பிடித்திருந்தவர்
கங்கோங் கீரையோடு விழுந்தார்.
மணிக்கட்டு முறிந்தது.
விசாரணை முடிந்து
உங்கள் தவறில்லை என்று கடிதம் வந்தது.
என் இடுப்புக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை.
அன்றிலிருந்து ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
அறுபது பேரையும்
அது ஒற்றையாய்ப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது.

இப்போது முனையத்தில் எட்டு நிமிடம் கிடைத்தால்
இறங்கிவிடுகிறேன்.
பஸ்ஸின் சுடும் விலாவில் கை ஊன்றி
பின்னோக்கி வளைகிறேன், பத்து தடவை.
“தள்ளித்தான் கிளப்பணுமா?” என்று சிரித்தான் யாப்.
போன வியாழன் அவனும் பக்கத்தில் வந்து நின்றான்,
முழங்காலாம்.

சிவப்பு விளக்கு,
மூச்சை விடு.
பாதி நாள் மறந்துவிடுகிறேன்.
மழை நாளில் புக்கிட் தீமா நெரிசலில்
ஒரு மணி நேரம் ஊர்ந்தால்
பழைய ஆள் ஏறிவிடுகிறான், கார்டுகூடத் தட்டாமல்.
வீட்டுக்கு வந்து சுடுநீர்ப் பை வைக்கிறேன்.
படுக்காமல் கீழே இறங்கி
மூன்று புளோக் சுற்றுகிறேன்.
ஒருநாள், எல்லாம் பாழ், மறுபடி முதலிலிருந்து என்று
வாக்கிங் போன இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.
இரண்டு நாளில் அதுவும் இறங்கிப் போனது.
எந்த நிறுத்தம் என்று கவனிக்கவில்லை.

நேற்று விடியல். நாலே கால்.
காலைத் தொடைமேல் தூக்கி வைத்து
மெதுவாக இடது காலுறையை ஏற்றினேன்.
இருட்டில் கண் திறக்காமலே கேட்டாள் குமுதவல்லி,
“அரிசி மூட்டை எப்படி இருக்கு?”

பதில் சொல்லவில்லை நான்.

“நம்ம வீட்டில் அஞ்சு கிலோ பைதானே வாங்குறோம்”
என்று புரண்டு படுத்தாள்.

வலது கால் இன்னும் பாக்கி.