லோக்கல் டிஸ்க்

பத்தரைக்கே காந்தி ரோடு கொதிக்கிறது.
எங்கள் கடைப் பலகையில் தமிழுக்கு மேலே வங்காளம்:
ஜெராக்ஸ், ஸ்கேன் காப்பி, தத்கால்.
முதலாளி தணிகாசலத்துக்கு அந்த எழுத்துத் தெரியாது,
ஆயுத பூஜைக்கு அதற்கும் சேர்த்துத்தான் சந்தனம் வைக்கிறார்.

பிமல் மண்டல், மால்டாக்காரர்,
லாட்ஜில் பதினொரு மாசம்.
கைக்குட்டையை அவிழ்த்து ஒரு ஹார்ட் டிஸ்க் நீட்டினார்.
உள்ளே அண்ணன் மகனுடைய தலை
சீவல் சீவலாக,
பதினான்கு ஜிபி.

செருகினேன்.
மெஷின் ஆரம்பத்திலேயே ஒன்று கேட்டுவிடும்:
நீ கழற்றக்கூடியதா, நிலையானதா?
பதில் ஒரே ஒரு பிட்.
ஒன்று என்றால் கழற்றலாம்,
சுழி என்றால் நிலை.
ஆதார் கேட்காது, ஜாமீன் கேட்காது,
சொன்னதை நம்பும்.

இது சுழி என்றது.
திரையில் எழுந்தது: லோக்கல் டிஸ்க்.

‘லோக்கல்?’
மண்டல் எட்டிப் பார்த்துச் சிரித்தார், பல் தெரியாமல்.
ஆட்டோவில் காலை வைக்கும்போது,
சிம் வாங்கும்போது,
வாழைப்பழம் விலை கேட்கும்போதுகூட
லோக்கலா, வெளியூரா?
லாட்ஜ் ரிஜிஸ்டரில்
மாதாமாதம் வந்த தேதியைப் புதிதாக எழுதுகிறவர்.
போகும் தேதிக் கட்டத்தில் ஒரு கோடு.

கழற்றக்கூடியது என்றால்
பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்றுதான்
நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.
அப்படி இல்லை.
கூடு இங்கேயே நிற்க
உள்ளே இருப்பது மட்டும் வெளியே வரும் என்று அர்த்தம்.
அதனால்தான் கார்டு ரீடரின் காலிப் பொந்துக்கும்
ஓர் எழுத்து உண்டு.
திறந்தால், ‘டிஸ்கைச் செருகவும்’.
ஆள் போன கட்டிலுக்கு நம்பர் இருக்கிற மாதிரி
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் வார்டிலிருந்துதான் வந்திருந்தார்.
பேப்பர் ட்ரேயைச் சரி செய்தேன்.

அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கீச்சிடுகிறது,
எனக்கு வேர்க்கிறது.
நிலையானது என்று நம்பிவிட்டால் மெஷினுக்கு ஒரு மெத்தனம்,
எழுத வேண்டியதைக் கையிலேயே வைத்துக்கொள்ளும்,
சாவகாசமாக எழுதலாம், எங்கே போய்விடப் போகிறது என்று.
வந்து போகிறதென்றால்
அப்போதைக்கப்போதே எழுதிக் கணக்கை முடித்துவிடும்.

எதிர் டீக்கடை நவாஸும் அதே சட்டம்.
லோக்கலுக்கு நோட்டு,
வெளியூருக்கு ரொக்கம்.

டீ வந்தது. நவாஸ் கை நீட்டினான்.
மண்டல் சட்டைப்பையைத் தொடவில்லை.
‘எழுதிக்கோ’ என்றார்,
றகரமோ ழகரமோ எதுவோ உடைந்த ஒரு தமிழில்.
நவாஸ் என்னைப் பார்த்தான்.
நான் திரையைக் காட்டினேன்.
அவனுக்கு என்ன புரிந்ததோ,
காதில் இருந்த பேனாவை எடுத்தான்.

கரண்ட் வந்தது. காப்பி முடிந்தது.
பாதுகாப்பாக அகற்று என்றேன்,
சாதனம் பயன்பாட்டில் உள்ளது, பிறகு முயல்க என்றது.
மூன்று தடவை.
நாலாவதாக மண்டலே கேபிளை உருவினார்,
கைக்குட்டையில் சுற்றினார்,
காட்பாடிக்கு எந்த பஸ் என்று கேட்டார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

இது ஆனியில்.
நவாஸின் நோட்டில் இன்னும் இருக்கிறது,
பெயர் எழுதத் தெரியாமல் அவன் எழுதியது:
ஜெராக்ஸ் கடை லோக்கல்,
இரண்டு டீ, இருபத்து நாலு.
நான் கொடுக்கப் போனேன்,
வாங்க மாட்டேன் என்கிறான்.